பேர் பதிந்த மாளிகை



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்வரும் குடும்பங்கள் நம்மில் அதிகம். சிராங்கூன் ரோட்டில் சாமி கும்பிட்டு, சேலை எடுத்து, சாப்பிட்டு முடித்து, பிள்ளைகள் கெஞ்சுகிறார்களே என்று ஆற்று முகத்தில் இருக்கும் சிங்கச் சிலைக்குப் பக்கத்தில் நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அந்தச் சிங்கச் சிலையிலிருந்து சற்றுத் தூரம் ஆற்றோரமாக நடந்தால் வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய கட்டடம் நிற்கும். உருண்டைத் தூண்கள், ஆளுயரத்தைவிட உயரமான ஜன்னல்கள், மரச்சட்டம் போட்ட கதவுகள், ஓட்டுக் கூரை. அதன் பெயர் எம்பிரஸ் பிளேஸ் கட்டடம். நம் ஜனங்களில் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துவிடுகிறார்கள்.

அப்படி நடக்கக் கூடாத கட்டடம் அது. அதற்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அந்தச் சம்பந்தம் என்ன என்பதைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அறுபதுகளின் தொடக்கத்தில், அந்தக் கட்டடத்துப் படியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் ஜொகூரில் ஒரு பால்மரத் தோட்டத்தில் இருந்தோம். பெரியப்பா மட்டும் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது பெரியம்மாவுக்குப் பிள்ளை பிறந்தது. பிறப்புப் பத்திரம் எடுக்க வேண்டும் என்று பெரியப்பா புறப்பட்டார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

அன்றைக்கு அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். கல்யாணத்துக்கும் தைப்பூசத்துக்கும் மட்டும் வெளியே வரும் சட்டை அது. உள்ளே நீண்ட வரிசை. சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் கையில் ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தோடு நின்றார்கள். பெரியப்பாவின் முறை வந்ததும் கிராணி பிள்ளையின் பெயரைக் கேட்டார். பெரியப்பா சொன்னார். அவர் எழுதினார். தகப்பன் பெயர், தாய் பெயர், பிறந்த நாள், இடம் எல்லாம் எழுதினார். பெரியப்பாவுக்குக் கையெழுத்து வராது. கட்டை விரலை மையில் ஒற்றி வைத்தார்.

வெளியே வந்து, அந்தத் தாளை நாலாக மடிக்கவும் மனம் வராமல், ஒரு பழைய பத்திரிகைக்குள் வைத்துச் சுருட்டிப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஒன் அக்கா பொறந்தப்ப இதச் செய்யாம விட்டுட்டோம்டா. அந்தத் தப்பு இனிமே நம்ம குடும்பத்துல நடக்கக் கூடாது" என்றார்.

அக்காள் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் கட்டடத்தின் கதை.

கட்டியவர்கள் யார்?

இந்தக் கட்டடத்தின் வேலை 1864-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கியது. 1867 டிசம்பரில் முடிந்தது. நீதிமன்றமாக இருக்கட்டும் என்றுதான் முதலில் திட்டம் போட்டார்கள். திட்டம் போட்ட பொறியாளர் மெக்நேர். அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. சிங்கப்பூரில் இருந்த கைதிகளுக்கெல்லாம் அவரே மேலதிகாரி. இந்த இரண்டு வேலையும் ஒருவர் கையில் இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் அரசாங்கக் கட்டடம் என்றால், அதைக் கட்டுகிற கூலிகள் பெரும்பாலும் கைதிகளாகவே இருந்தார்கள்.

அந்தக் கைதிகள் எங்கிருந்து வந்தவர்கள்? பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. சென்னை, வங்காளம், பம்பாய் என்று மூன்று மாகாணங்களிலிருந்தும் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள். சிங்கப்பூருக்கு முதல் கூட்டம் வந்தது 1825 ஏப்ரலில். சுமத்திராவில் வெள்ளைக்காரர் வசமிருந்த பெங்கூலனை டச்சுக்காரரிடம் ஒப்படைத்தபோது, அங்கிருந்த கைதிகளை இங்கே மாற்றினார்கள். முதலில் வந்து இறங்கிய 80 பேரும் சென்னை மாகாணத்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். அவர்களில் நம் தமிழரும் இருந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

"கைதி என்றால் கொலைகாரன், கொள்ளைக்காரன் தானே, அவன் கதை நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கொலை செய்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் இங்கே செய்த வேலையையும் மறைக்கக் கூடாது அல்லவா? காட்டை வெட்டினார்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தார்கள், ரோடு போட்டார்கள். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் அரசாங்கச் செங்கல் சூளையை நடத்தினார்கள். அவர்கள் அறுத்த செங்கல் 1867-இல் ஆக்ராவில் நடந்த கண்காட்சிக்குப் போய்ப் பரிசு வாங்கிக்கொண்டு வந்தது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் மாதா கோயில் அவர்கள் கட்டியது. இன்றைக்கு சிங்கப்பூர் அதிபரின் மாளிகையாக இருக்கும் இஸ்தானா அவர்கள் கட்டியது. மாதா கோயில் சுவருக்கு அவர்கள் பூசிய சாந்தைச் 'சென்னைச் சுண்ணாம்பு' என்றே சொன்னார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கருவையும் சர்க்கரையையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசும் முறை அது. ஊரிலிருந்து கையில் ஒன்றும் கொண்டுவர முடியாத மனிதர்கள் கைத்தொழிலை மட்டும் கொண்டுவந்தார்கள்.

வராதவர்களுக்குச் சிறையிலேயே தொழில் பழக்கினார்கள். தச்சு, கொல்லு, கல் உடைப்பு, நெசவு, தையல் என்று பல வேலை. நல்ல நடத்தை உள்ளவரைக் காவலராகவும் ஆக்கினார்கள். ஆம், கைதியைக் கைதியே காத்தார். பின்னாளில் 1899-இல் மெக்நேர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே இதைத்தான் சொல்கிறது.

தலையெழுத்து

நாம் ஒரு கஷ்டம் வந்தால் "எல்லாம் தலையெழுத்து" என்கிறோம். இந்தக் கைதிகளில் சிலருக்கு அது வெறும் பேச்சு அல்ல. சென்னை, வங்காள மாகாணங்களில் ஆயுள் தண்டனை பெற்றவர்களின் நெற்றியில், செய்த குற்றத்தைப் பச்சை குத்தி அனுப்பும் வழக்கம் இருந்தது. 1849-இல்தான் அதை நிறுத்தினார்கள். அதற்கு முன் கப்பலேறியவர்கள் சாகும் வரை அந்த எழுத்தைச் சுமந்துகொண்டுதான் திரிந்தார்கள். தலைப்பாகையை இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டவர்களும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதனைப் பற்றிச் சர்க்கார் எழுதிய எழுத்து அவன் குற்றம் ஒன்றுதான். அவன் இன்னாருடைய மகன், இன்ன ஊர், மண்வெட்டி பிடித்து இந்த நகரத்தை உண்டாக்கியவன் என்ற எழுத்து அவன் நெற்றியில் இல்லை. எம்பிரஸ் பிளேஸ் கட்டடத்தைப் பற்றி எழுதும் சரித்திரப் புத்தகங்களில் பொறியாளர் பெயர் இருக்கிறது. கல் சுமந்தவர்களுக்கு 'கைதிகள்' என்ற ஒரே பெயர்தான்.

1873-இல் சிங்கப்பூரில் இந்தக் கைதி முறை முடிவுக்கு வந்தது. மீந்திருந்தவர்களில் ஒரு பகுதியினரை அந்தமானுக்கு அனுப்பினார்கள். விடுதலை பெற்றவர்கள் பலர் இங்கேயே தங்கி மாடு வளர்த்தார்கள், வண்டி ஓட்டினார்கள், குடும்பம் நடத்தினார்கள். பிறகு ஊரோடு கலந்துவிட்டார்கள்.

கட்டடம் மாறிய கதை

நீதிமன்றம் என்று ஆரம்பித்த கட்டடம் முடிந்தபோது அரசாங்க அலுவலகமாக ஆயிற்று. அந்த 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியில்தான் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்து, லண்டனின் நேரடி ஆட்சிக்கு வந்தன. புது ஆட்சிக்கு மேசை நாற்காலி போட இடம் வேண்டுமே! செயலகம், சட்டசபைக் கூடம், கணக்கு, நிலம் என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. இடம் போதாமல் பிறகு பல தடவை கட்டடத்தை நீட்டினார்கள். பழைய பாணி மாறாமல் நீட்டியதால், எது முதலில் கட்டியது, எது பிறகு சேர்த்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

முன்னால் இருக்கும் திறந்த வெளிக்கு 1907-இல் விக்டோரியா மகாராணியின் நினைவாக எம்பிரஸ் பிளேஸ் என்று பெயர் வைத்தார்கள். நாளாவட்டத்தில் கட்டடத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது.

உலக யுத்தம் முடிந்த பின், சாதாரண ஜனங்கள் அதிகமாக நுழையும் கட்டடமாக அது மாறியது. பிறப்பு இறப்புப் பதிவு அங்கே. பிரஜாவுரிமைப் பதிவு அங்கே. குடிநுழைவு இலாகாவும் அங்கே. சிங்கப்பூரில் 1957-இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. வெளியே பிறந்து இங்கே உழைத்தவர்களும் பதிந்துகொள்ள வழி பிறந்தது. கப்பலில் வந்தவர், தோட்டத்திலிருந்து வேலை தேடிப் போனவர், கப்பல் பட்டறையில் வேலை செய்தவர் என்று நம்மவர்களுக்கும் அந்த வாசல் பழக்கமான வாசலாயிற்று. பெரியப்பா நின்ற வரிசை அந்த வரிசைதான்.

நெற்றியில் குற்றத்தைச் சுமந்தவர்கள் எழுப்பிய சுவருக்குள், நூறு வருஷம் கழித்து நம் பிள்ளைகளின் பெயர்களை மரியாதையாக எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அன்றைக்குப் படியில் உட்கார்ந்திருந்த எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தத் தூணை ஒருமுறை தொட்டுக் கும்பிட்டிருப்பேன்.

அக்காள் கதை

எங்கள் அக்காள் லயத்தில் பிறந்தவள். மருத்துவச்சி பார்த்த பிரசவம். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பிரட்டுக்கு நிற்க வேண்டும். வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. 'பேர் போடுவது' என்றால் எங்களுக்குச் செக்ரோலில் பேர் போடுவதுதான் தெரியும். பிள்ளைக்குப் பேர் பதிய யார் டவுனுக்குப் போவது, யாரிடம் கேட்பது என்று நாள் தள்ளிப் போயிற்று. மாதம் வருஷமாயிற்று.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது முதல் கேள்வி வந்தது. அடையாளக் கார்டு எடுக்கப் போனபோது இரண்டாவது கேள்வி வந்தது. இந்த நாட்டில் பிறந்தவள் என்பதற்கு அவளே சாட்சி, ஆனால் தாள் இல்லை. பழைய மருத்துவச்சியைத் தேடிப் பிடித்து, கோயில் தலைவரைச் சத்தியம் செய்ய வைத்து, நடையாய் நடந்து முடிவில் கிடைத்தது சிவப்பு ஐசி. நீல ஐசி கைக்கு வர அவளுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பள்ளிக்கும் போக ஆரம்பித்துவிட்டது.

அவளாவது தப்பித்தாள். 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிரஜை அல்லாதவருக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றதும், தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எங்கள் லயத்துக் கடைசி வீட்டுக்காரரும் போனார். அவர் இங்கேயே பிறந்தவர்தான். ஊரைப் பார்த்ததே இல்லை. பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுங்கள் என்று எத்தனையோ பேர் வந்து சொன்னபோது, "நம்மள யாரு தொரத்தப் போறா?" என்று சிரித்தவர். ரஜூலா கப்பலுக்குப் புறப்பட்ட அன்று தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, தான் வெட்டிய நிரையை ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். அரை மணி நேரம் ஆயிற்று அவர் திரும்பி வர.

அம்பாளுக்கும் பத்திரம்

எம்பிரஸ் பிளேஸ் கட்டடத்தில் 1980-களின் பிற்பகுதியோடு அலுவலகங்கள் முடிந்தன. ஏறக்குறைய 120 வருஷம் பேனா ஓடிய இடம் அமைதியாயிற்று. பழுது பார்த்து 1989-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சீனப் பேரரசர் காலத்துப் பொருட்களைக் காட்டினார்கள். 1992-இல் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். அந்த அருங்காட்சியகம் 1995-இல் மூடிற்று. மறுபடி சீராக்கி, 2003-இல் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம் அங்கே குடிவந்தது. இன்று அந்தக் கூடங்களில் சீனம், இந்தியா, தென்கிழக்காசியா, இஸ்லாமிய நாடுகள் என்று எல்லா ஊர்க் கலைப்பொருளும் இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு முன் கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த சீனப் பீங்கான்களும் இருக்கின்றன.

இந்த அருங்காட்சியகம் 2007-இல் நியூயார்க் வியாபாரி ஒருவரிடமிருந்து சோழர் காலத்து உமா பரமேஸ்வரி சிலை ஒன்றை 6,50,000 அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. வாங்கும்போது காட்டிய பத்திரங்கள் பிறகு சந்தேகத்துக்கு உள்ளாயின. தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்துக் கோயிலிலிருந்து களவு போன சிலையாக இருக்க வேண்டும் என்று சான்றுகள் காட்டியதும், 2015-இல் அதை இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுக்க அருங்காட்சியகம் சம்மதித்தது.

அம்பாளுக்கே பிறந்த ஊர்ச் சான்று தேவைப்பட்டது, பார்த்தீர்களா! எந்தக் கட்டடத்தில் நம் பெரியவர்கள் வரிசையில் நின்று பிள்ளைக்குப் பத்திரம் வாங்கினார்களோ, அதே கட்டடத்தில் ஆயிரம் வருஷத்துச் சிலையின் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து, "இவள் ஊர் இதுவல்ல, இவளை வீட்டுக்கு அனுப்புவோம்" என்று முடிவாயிற்று. எழுத்து சரியாக இருந்தால் வீடு திரும்பலாம். எழுத்து இல்லாவிட்டால் பிறந்த வீட்டிலேயே அந்நியராக நிற்க வேண்டியிருக்கும்.

நாம் செய்ய வேண்டியது

இன்றைக்கு நம்மில் பலர் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்கு வீட்டுக்கும் வந்துவிட்டோம். தோட்டம் துண்டாடப்பட்டபோது லயம் போயிற்று, ஆயாக்கொட்டகை போயிற்று, சில இடங்களில் கோயிலும் போயிற்று. நமக்காகக் கட்டடம் எதுவும் நிற்கவில்லை என்று வருத்தப்படுகிறோம். வருத்தம் நியாயந்தான். ஆனால் கையில் இருக்கும் தாளையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா?

வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்கு மூன்று வார்த்தை சொல்கிறேன். பிள்ளை பிறந்தால், பெயர் ராசி பார்க்கிறோம், மாமியார் சம்மதிக்கவில்லை என்று காலம் தாழ்த்தாமல் பதிந்துவிடுங்கள். கல்யாணத்தைக் கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிடாமல் சட்டப்படி பதியுங்கள். அது இல்லாமல் போனால் பிள்ளையின் பத்திரத்தில்தான் சிக்கல் வந்து நிற்கும். அக்கம்பக்கத்தில் தாள் இல்லாமல் திண்டாடும் குடும்பம் இருந்தால், 'அவர்கள் பாடு' என்று இருக்காமல், படித்த பிள்ளை ஒருவரைத் துணைக்கு அனுப்பி இலாகாவுக்குப் போகச் செய்யுங்கள். எங்கள் அக்காளுக்கு அப்படித் துணை வந்தவர் தோட்டப் பள்ளி வாத்தியார் ஒருவர்.

இளம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தாத்தா, பாட்டி பெயர், அவர்கள் ஊர், எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் எத்தனை வருஷம் இருந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்த தடவை சிங்கப்பூர் போனால் ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்தில் இறங்கி ஆற்றுப் பக்கம் நடங்கள். கேவனா பாலம் வரும். 1869-இல் முடிந்த அந்தப் பாலமும் கைதிகளின் உழைப்புதான். 3 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 150 கிலோவுக்கு மேல் பாரமுள்ள வண்டியும், மாடும் குதிரையும் போகக் கூடாது என்று அந்தக் காலத்து அறிவிப்புப் பலகை இன்னும் அங்கே இருக்கிறது. பாலத்தைக் கடந்தால் எதிரே அந்த வெள்ளை மாளிகை.

சென்ற வருஷம் பெரியப்பாவின் மகனோடு அங்கே போனேன். அன்று அந்தக் கட்டடத்தில் பெயர் பதிந்த பிள்ளைதான். இப்போது அவனும் தாத்தா. அவன் பிறப்புப் பத்திரத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான், எனக்குக் காட்ட. தாளின் மடிப்புகள் பழுத்துவிட்டன. எழுத்து அழியவில்லை.

அடுத்த இதழில் வேறொரு கதையோடு சந்திப்போம். அதற்குள் அந்த நோட்டுப் புத்தகத்தில் முதல் பக்கமாவது நிரம்பியிருக்கட்டும்.